வாசகர் கேள்வி – பதில்: இடிப்பதற்கு முன் எடுக்க வேண்டிய கணக்கு

கேள்வி: எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு 1970களில் கட்டியது. இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒதுக்கீடு வாங்கியவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் கைமாற்றி வாங்கியவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும். காலி செய்வதற்கு முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? – ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: வாரியத்துக்காரர்கள் கணக்கெடுக்க வருமுன் நீங்களே எடுத்துவிடுங்கள். நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். ஒரு கதவுக்கு ஒரு வரி: பிளாக், கதவு எண், ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள பெயர், இப்போது குடியிருப்பவர், அவர் எப்படி வந்தார் (வாரிசு, கைமாற்று, வாடகை), ரேஷன் கார்டு எண், மின் இணைப்பு எண், வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி. எழுதப் போகிறவர்கள் இரண்டு பேராக இருக்கட்டும். ஒருவர் அந்தப் படிக்கட்டு வழியாக ஏறிப்போகும் வீடுகளில் ஒன்றில் இருப்பவர், மற்றவர் வேறு பிளாக்கைச் சேர்ந்தவர். சொந்தப் படிக்கட்டுக்காரர் மட்டும் போனால் தாட்சண்யம் பார்ப்பார். வெளியாள் மட்டும் போனால் யார் வீடு எது என்றே தெரியாது.

எழுதி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கீழே உட்காரவைத்து வரிவரியாகச் சத்தமாகப் படியுங்கள். பொய்யும் பிழையும் அங்கேதான் வெளியே வரும். 'அந்த வீடு எங்க சித்தப்பாது' என்று ஒருவர் எழுந்தால் அதையும் அதே வரியில் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிச் செராக்ஸ் எடுத்து, ஒரு பிரதியை வாரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத பட்டியல் வெறும் காகிதம்.

சிக்கல் வரும் இடங்கள் நான்கு. கணக்கெடுக்கும் நாளில் பூட்டிக் கிடந்த வீடு முதலாவது. வேலைக்குப் போனவர் பெயர் விட்டுப்போவது இப்படித்தான், ஆகவே பூட்டிய கதவுக்கு மாலையில் இன்னொரு முறை போங்கள். ஒதுக்கீட்டாளர் இறந்துபோய்ப் பெயர் மாற்றாத வீடு அடுத்தது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக இப்போதே விண்ணப்பியுங்கள். அக்கா தங்கைகளின் சம்மதக் கடிதமும் வேண்டியிருக்கும். மூன்றாவது, பவர் எழுதியும் இருபது ரூபாய் பத்திரத்திலும் வாங்கிய வீடு. அந்தப் பத்திரம் உங்களை உரிமையாளர் ஆக்காது. ஆனால் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள் என்று காட்ட மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், கேஸ் புத்தகம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கோத்து வையுங்கள். கடைசியாக வாடகைக்கு இருப்பவர். அவருக்குப் புது வீட்டில் பங்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இடைக்காலத்துக்கு வெளியே தங்க வாரியம் தரும் தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆனது. வேலை 18 மாதம் இழுத்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வரும். வடசென்னையில் அதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அட்வான்ஸுக்கு வேறு வழி பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணையின் அசலை மட்டும் யார் கேட்டாலும் கையை விட்டு விடாதீர்கள்.

கேள்வி: மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் கூரையில் ஒழுகுகிறது. இரண்டு முறை பூசியும் நிற்கவில்லை. செலவை யார் ஏற்பது? – ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: கீழிருந்து பூசுவது காயத்தின் மேல் பவுடர் போடுவது மாதிரி. தண்ணீர் உள்ளேயே நின்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பிக் காரையைத் தள்ளும். அதனால்தான் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரையில் ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேல்வீட்டில் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, இரவு முழுக்க யாரும் குளியலறையைப் புழங்க வேண்டாம். அப்போதும் ஈரம் கோட்டைத் தாண்டிப் பரவினால் தண்ணீர் வரும் குழாயில் கோளாறு. பரவவில்லையா? தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். கோட்டைத் தாண்டி ஈரம் பரவினால் தரையில் விரிசல். பரவாமல் இருந்து, அடைப்பை எடுத்ததும் சொட்டினால் ஜாலிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவிலோ (டிராப்) குழாய் இணைப்பிலோ ஓட்டை. பெரும்பாலும் இதுதான். கூரையில் கம்பி ஏற்கெனவே வெளியே தெரிந்தால் இந்தச் சோதனை வேண்டாம், வாரியப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தரை என்றால் டைல்ஸை எடுத்துவிட்டு வாட்டர்புரூஃப் பூச்சு கொடுத்து, அதைச் சுவரிலும் ஓரடி ஏற்றுங்கள். டைல்ஸ் ஒட்டுமுன் இன்னொரு முறை தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். மேஸ்திரி 'தேவையில்லை சார்' என்பார். கேட்காதீர்கள்.

செலவு: ஒரு வீட்டின் தரை என்றால் அந்த வீட்டுக்காரர். மேலிருந்து கீழ்வரை இறங்கும் பொதுக்குழாய் என்றால் அந்த வரிசையில் உள்ள எல்லா வீடுகளும். தரைத்தளத்துக்காரர் 'எனக்கென்ன' என்று ஒதுங்க முடியாது, அடைப்பு எடுத்தால் முதலில் பொங்குவது அவர் வீட்டில்தான்.

கேள்வி: தெருச் சீட்டில் ஏமாந்தோம். மும்பையில் நடைபாதைப் பெண்கள் சேர்த்த பணத்தைப் பற்றிச் சொல்கிறார்களே, அது எப்படி? – ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: பைகுல்லா நடைபாதையில் 1986இல் தொடங்கிய மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பு அது. கூட நின்றவர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அங்கே சேமிப்பு மாதச் சீட்டு அல்ல, தினச் சேமிப்பு. ஒரு பெண் வாசல் வாசலாகப் போவார். அன்றைக்கு எது இருக்கிறதோ அதை வாங்குவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நிறக் காகிதத் துண்டுகள், ஒவ்வொரு நிறமும் ஒரு தொகை. காகிதத்தை எண்ணினால் கணக்கு தெரிந்துவிடும். தினமும் வாசலுக்குப் போவதால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரிந்துவிடும். கடன் கொடுக்க அதைவிட நல்ல ஜாமீன் கிடையாது. வீடு கேட்டு அரசிடம் போகுமுன், 14 அடி உயரத்தில் பரண் வைத்த ஒற்றை அறை மாதிரியை அவர்களே கட்டிக் காட்டினார்கள்.

நீங்கள் தொடங்குவதானால் 12 முதல் 20 பேர். வசூல் செய்பவரும் வங்கியில் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள். வசூலான பணம் மறுநாளைத் தாண்டி யார் வீட்டிலும் தங்கக் கூடாது. முதல் மூன்று மாதம் கடனே வேண்டாம்.

கேள்வி: 32 வீட்டு பிளாக்குக்கு எவ்வளவு பெரிய சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வேண்டும்? – ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு 4 பேர் என்றால் 17,280 லிட்டர். ஒன்றரை நாள் தாங்க 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் நீர் ஆழம் போதும்; 26,400 லிட்டர் பிடிக்கும். மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள், இல்லையென்றால் முதல் பெருமழையில் சாக்கடை உள்ளே போகும். கழுவும்போது மூடியைத் திறந்த உடனே ஆளை இறக்காதீர்கள். காற்றோட்டம் கொடுத்து, மேலே கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும். செப்டிக் டேங்க் என்றால் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி இறக்குபவர் மீது வழக்கு. கழிவை உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.