அடுப்புச் சாம்பலில் ஓர் ஆராய்ச்சி

கேள்வி: தாவரவியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். ஆண்டிஸ் மலை மக்களின் பழங்கால உணவை ஆராயும் தொல்லியலாளர்களைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. வரலாறு படிக்காத எனக்கு அங்கே இடமுண்டா? அடுப்புச் சாம்பலைக் கிளறுவதும் ஒரு வேலையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: இடமுண்டு, உங்கள் தாவரவியல்தான் அதற்கு வாசல். வீட்டாரின் கேள்விக்கு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டீன் ஹாஸ்டார்ஃபின் பணியையே பதிலாகச் சொல்வேன். பெரு நாட்டின் மந்தாரோ பள்ளத்தாக்கில் கிடைத்த மனித எலும்புகளின் வேதியியலை அவர் ஆராய்ந்தார். மக்காச்சோளம் மிகுதியாக உட்கொண்டவரின் எலும்பில் கனமான கார்பன் வகை (கார்பன்-13) கூடுதலாகத் தங்கும். உருளைக்கிழங்கும், ஆண்டிஸில் தானியம்போல உண்ணப்படும் கினோவா விதையும் உண்டவரிடம் அது குறைவு. ஆண்டிஸை ஆண்ட இன்கா பேரரசின் ஆட்சிக்கு முன் ஆண், பெண் எலும்புகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. 1460-ஐ ஒட்டி அவ்வாட்சி வந்தபின், ஆண்களில் ஒரு பகுதியினர் பெண்களைவிட அதிக மக்காச்சோளம் உட்கொண்டது தெரிந்தது. அரசுப் பணிக்கு அழைக்கப்பட்ட ஆண்களுக்கு விருந்தும் 'சிச்சா' என்னும் மக்காச்சோள மதுவும் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். ஒரு பேரரசு குடும்பத்துக்குள் நுழைந்து கணவனையும் மனைவியையும் வெவ்வேறு பந்தியில் உட்கார வைத்ததை இதைவிடத் துல்லியமாக எந்த மன்னர் பட்டியல் சொல்லும்?

அன்றாட வேலை பொறுமையைக் கேட்கும். ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் மழை பெய்வதால், பெரும்பாலும் நெருப்பில் கரிந்த தாவரங்களே மிஞ்சுகின்றன. தோண்டிய மண்ணை அளந்து தண்ணீரில் கரைத்தால் கரியும் விதையும் மிதக்கும். அவற்றை மெல்லிய வலையில் அள்ளி, உலர்த்தி, நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கினோவா விதை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். காட்டு வகைக்குத் தோல் தடிமனாகவும், பயிரிட்டதற்கு மெல்லியதாகவும் இருக்கும். உருளைக்கிழங்கோ உருவமற்ற கரித்துண்டாகவே கிடைக்கும்; அதன் திசுவைக் கண்டு இன்னதென்று சொல்ல, செடியின் உள்ளமைப்பை அறிந்த கண் வேண்டும். அந்தக் கண் உங்களுக்குப் பாதி வாய்த்துவிட்டது.

முதுநிலையில் தொல்லியலைத் தேர்ந்தெடுங்கள். புனே டெக்கான் கல்லூரியிலும் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்திலும் பழந்தாவர எச்சங்களை ஆராய்கிறார்கள். ஸ்பானிய மொழியை இன்றே தொடங்குங்கள். பெருவிலும் பொலிவியாவிலும் அது இல்லாமல் நடக்காது. அதற்கிடையே கேழ்வரகு, தினை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஒரு பிடி எடுத்து இரும்புச் சட்டியில் கரியவிட்டு, எது உப்புகிறது, எது வெடிக்கிறது, எது வடிவம் மாறாமல் நிற்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து வரைந்துவையுங்கள்.