ஆங்கில மரபுத்தொடர்களும் ஃபிரேசல் வெர்ப்களும் பேச்சில் தானாக வர என்ன செய்யலாம்?

மரபுத்தொடர்களையும், வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப்களையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் பேசும்போது ஒன்றும் வாயில் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மலேசியாவில், பினாங்கு பத்து ஃபெரிங்கியில் ஒரு ஹோட்டல் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரவு 11 மணி. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அறையிலிருந்து அழைத்தார். ‘தி ஏர்கோன் இஸ் பிளேயிங் அப். வீ கேன் புட் அப் வித் இட் டுநைட், பட் ப்ளீஸ் செண்ட் சம்ஒன் ஃபர்ஸ்ட் திங்.’ பிளே, புட், ஃபர்ஸ்ட் எல்லாம் ஒன்றாம் ஆண்டிலேயே படித்த சொற்கள். ‘ஃபர்ஸ்ட் திங்’ என்றதும் முதல் வேலையாக, அதாவது உடனே என்று எடுத்துக்கொண்டு டெக்னீஷியனை மேலே அனுப்பிவிட்டேன். படுத்துவிட்ட அந்த வயதான தம்பதியை எழுப்பியதுதான் மிச்சம். அவர் சொன்னது இதுதான்: ஏர்கோன் மக்கர் பண்ணுகிறது, இன்றிரவு பொறுத்துக்கொள்கிறோம், காலையில் முதல் வேலையாக ஆள் அனுப்புங்கள்.

ஷிஃப்டில் இருந்த அக்கா திட்டவில்லை. “தம்பி, அவன் என்னைக் கைகழுவிட்டான்னு நான் சொன்னா நீ பைப்பையா தேடுவ? இங்கிலீஷையும் அப்படிக் கேளுப்பா” என்றார். நான் கற்கும் விதமே அதற்குப் பிறகு மாறியது.

‘விடு’ என்ற சொல்லைப் பாருங்கள். கைவிடு, வழிவிடு, மூச்சுவிடு, கதைவிடு. வினை ஒன்றுதான், முன்னால் நிற்பது மாற மாறப் பொருளும் மாறுகிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல் அந்த வேலையைப் பார்க்கிறது. ‘அப்’ பல இடங்களில் ஒன்றை முழுசாக முடிப்பதைக் காட்டும்: ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப். சாப்பிட்டுவிடு, குடித்துவிடு என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று விலகுகிறது. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, கால் ஆஃப் என்றால் ரத்து செய்வது, செட் ஆஃப் என்றால் கிளம்புவது. எல்லா இடத்திலும் இது பொருந்தாது (பிளேயிங் அப்பில் எதுவும் முடியவில்லை), ஆனாலும் பாதிச் சுமை குறையும்.

மரபுத்தொடர் நமக்குப் புதிதில்லை. தமிழ்ப்பள்ளியில் மொழியணி (மரபுத்தொடர், பழமொழி போன்றவை) படித்தோம், மலாய்ப் பாடத்தில் சிம்புலான் பஹாசா, அதாவது மலாய் மரபுத்தொடர்கள் படித்தோம். திருட்டுப் பழக்கம் உள்ளவனுக்குக் ‘கை நீளம்’ என்போம். மலாயிலும் ‘பாஞ்சாங் தாங்கான்’, அதே நீளக் கை. ஆங்கிலத்தில் ‘லைட் ஃபிங்கர்ட்’, விரல் லேசு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. அந்தத் தொடர் இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப்போட முடியாது. மலாயில் விளக்கைப் போடுவதை ‘புக்கா லம்பு’ (சொல்லுக்குச் சொல் ‘விளக்கைத் திற’) என்பதை வைத்து இங்கே பலரும் ‘ஓப்பன் த லைட்’ என்கிறோம். நமக்குள் புரியும். நேர்முகத் தேர்வில் ‘டர்ன் ஆன்’ என்றே சொல்லுங்கள்.

நோட்டில் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். காதில் விழுந்த முழு வாக்கியத்தையும், யார் எதற்காகச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு 2 போதும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு, ஆனால் ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி. இதை விதியாகப் படித்தால் குழம்பும், வாக்கியமாகப் படித்தால் நாக்கே பழகிக்கொள்ளும்.

அப்புறம், பழைய புத்தகங்களில் இருக்கும் தொடர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அக்டோபர் மழையில் நனைந்து உள்ளே வந்த எத்தனையோ விருந்தினர்களைப் பார்த்திருக்கிறேன், கனமழைக்கு ஒருவர்கூட ‘இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று சொன்னதில்லை. ‘இட்ஸ் போரிங் டவுன்’ (மழை கொட்டுகிறது) என்று சொல்லிக்கொண்டேதான் குடையை உதறுவார்கள்.