சர்க்கரையை எடுத்துவிட்டால் அதன் வேலையை யார் செய்வது?

வடசென்னை வாசகர்களின் அடுக்களைக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரு கப் என்றால் 240 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி. கிராமில் சொன்னதைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை குறைந்த பலகாரத்தில் கண் அளவு கைகொடுக்காது.

கேள்வி: மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் 200 கிராம், முட்டை நான்கு. இதுதான் எங்கள் வீட்டு கேக். போன வாரம் சர்க்கரையை மட்டும் பாதியாக்கினேன். சரியாக எழும்பவில்லை, மேலே வெளிறி வெடித்திருந்தது, மறுநாள் தொட்டாலே உதிர்ந்தது. என்ன தப்பு செய்தேன்?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் தப்பு இல்லை. சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகளும் உண்டு, அவை பாதியில் நின்றுபோயின.

வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சர்க்கரையின் கூரான மணிகள்தான் காற்றை வெண்ணெய்க்குள் சிறு குமிழிகளாகப் பதிய வைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதுக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. அங்கே இருப்பவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அடுப்பில் ஏறிய பிறகு மாவு சட்டென்று இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் சர்க்கரையே. அது குறைந்தால் மேல்பகுதி முதலில் இறுகிவிடும், உள்ளிருக்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வரும். நீங்கள் பார்த்த வெடிப்பு அதுதான். ஈரத்தைப் பிடித்துவைப்பதும் மேல்தோலைச் சிவக்க வைப்பதும்கூட சர்க்கரைதான். அதனால்தான் வெளிறலும் மறுநாள் உதிர்தலும்.

இந்த வெண்ணெய் கேக்கில் 200 கிராமை 150 ஆக்கலாம், நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் கேக்கையே மாற்றுவதுதான் வழி. காற்றுக்கு முட்டை, ஈரத்துக்கு வாழைப்பழமும் எண்ணெயும், மென்மைக்குத் தயிர் என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

7 அங்குல டின்னுக்கு: கோதுமை மாவு 180 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன், உப்பு இரண்டு சிட்டிகை, ஏலப்பொடி அரை டீஸ்பூன். இவற்றை இரண்டு முறை சலியுங்கள். தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழம் உரித்தபின் 200 கிராம், தயிர் அரை கப், வாசனை இல்லாத எண்ணெய் 70 மி.லி. இவற்றை மசித்துக் கலந்து வையுங்கள். முட்டை இரண்டையும் நாட்டுச் சர்க்கரை 60 கிராமையும் தனியாக நான்கு நிமிடம், நிறம் வெளுத்து நுரை கட்டும்வரை அடியுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கேக் கல்லாகிவிடும். பழக்கலவையைச் சேர்த்து, பிறகு மாவைப் போட்டு, காய்ந்த மாவு கண்ணில் படாத அந்த நொடியில் கலக்குவதை நிறுத்துங்கள். கோதுமை மாவைக் கலக்கக் கலக்க ரப்பர் போல ஆகும். 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். 12 துண்டு போட்டால் துண்டுக்கு 5 கிராம் நாட்டுச் சர்க்கரைதான்.

அடுத்தடுத்த முறைகளில் பத்துப் பத்து கிராமாக 40 வரை இறங்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பரிமாறாதீர்கள், குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்படும்.

கேள்வி: மாமியாருக்கு 12 வருடமாக சுகர். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டால் அவர்களும் சாப்பிடலாம் என்கிறார்கள். உண்மையா?
வாசகி, ராயபுரம்

பதில்: இல்லை. இதில் இடைப்பட்ட பதில் கிடையாது. 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 85 கிராம் சர்க்கரைதான். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டுதான், ஆனால் ஒரு துண்டு கேக்கில் வரும் ஐந்து கிராம் வெல்லத்தில் அது எவ்வளவு இருக்கப்போகிறது? மணத்துக்காகப் போடுங்கள், மருந்தென்று போடாதீர்கள். பேரீச்சம்பழத்திலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. நார்ச்சத்து இருப்பதால் வெல்லத்தைவிட மேல். அதற்காக "சர்க்கரை இல்லாத கேக்" என்று பெயர் வைத்து இரண்டு துண்டு கொடுத்துவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு இது: சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து ஒருநாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம். மூன்று வேளை காபியிலேயே அதில் பாதி போய்விடும். இது பொதுவான கணக்கு, சுகர் உள்ளவருக்கு இன்னும் கவனம் வேண்டும்.

மாமியாரை வீட்டு விசேஷத்தில் ஒதுக்கி உட்கார வைக்கவும் வேண்டாம். மேலே சொன்ன கேக்கை 40 கிராம் கொண்டைக்கடலை மாவு, 140 கிராம் கோதுமை மாவு என்று மாற்றி, நாட்டுச் சர்க்கரையை 30 கிராமாக்குங்கள். தீப்பெட்டி அளவில் ஒரே துண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம், டிபனுக்குப் பிறகு கொடுங்கள். அன்றைக்கு ஒரு தோசையைக் குறைத்துக்கொள்ளட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்தால் அந்தத் துண்டு அவர் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். சாப்பிட்டபின் நடக்கத் தெருவில் இடமில்லை என்றால் மொட்டை மாடியில் 15 நிமிடம் போதும். இன்சுலின் போடுபவராக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பூட்டி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும், கேக்குக்கு ஆகாது. சுக்ரலோஸ் இனிப்பு தரும், ஆனால் முன்பு சொன்ன மற்ற வேலைகளைச் செய்யாது.

கேள்வி: ஓவன் கிடையாது. குக்கரில் செய்தால் அடி கருகுகிறது, மேலே சொதசொதவென்று இருக்கிறது.
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அடி கருகுவது டின் தரையைத் தொடுவதால், அல்லது தீ அதிகமாக இருப்பதால். மேலே ஈரமாவது நீராவி வெளியேறாமல் மூடியில் கோத்து மறுபடி கேக் மேலேயே சொட்டுவதால்.

தினமும் சாதம் வைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் காய்ந்தால் அடி வளையும், வால்வும் கெடும். பிரியாணி வைக்கும் அடி கனமான தேக்சாவே போதும். பழைய குக்கர்தான் இருக்கிறது என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு, தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். டின்னைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும், மாவு டின்னில் பாதிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். டின்னை வைத்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். முதல் 30 நிமிடம் திறக்கவே கூடாது. தேக்சாவானால் மூடியின் உள்பக்கம் மெல்லிய துணியைக் கட்டி, முனைகளை மூடிக்கு மேலே முடிச்சுப் போடுங்கள். தீ அருகே தொங்கக் கூடாது. சொட்டும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். 45 நிமிடத்தில் குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். குச்சியில் ஈர மாவு ஒட்டினால் இன்னும் எட்டு நிமிடம்.

மேலிருந்து சூடு இல்லாததால் நிறம் வராது. ஆறியபின் துண்டு போட்டு, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் வாட்டினால் ஓரம் மொறுமொறுவென்று வரும்.

கேள்வி: கேழ்வரகு பிஸ்கட் செய்த அன்று நன்றாக இருக்கிறது, மறுநாளே நமுத்துவிடுகிறது. கடல் காற்றுதான் காரணமா?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: கடல் காற்று பாதிக் காரணம். மீதிப் பாதி, பிஸ்கட் உள்ளே முழுதாகக் காயாமல் வெளியே வருவது. நாட்டுச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக ஈரத்தை இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு மாவு 120 கிராமை வாசனை வரும்வரை சிறுதீயில் வறுத்து, முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகி பிஸ்கட் பரவிவிடும். கோதுமை மாவு 60, வெண்ணெய் 90, நாட்டுச் சர்க்கரை 45 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பிசைய இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் பால் போதும். அரை செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம்.

கேழ்வரகு ஏற்கெனவே பழுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஓரம் வெளுத்து, நடுவில் காசு அளவுக்குக் கறுப்பாக ஈரம் தெரிந்தால் இன்னும் காயவில்லை. வெந்தபின் அடுப்பை அணைத்து, கதவை ஒரு விரல் திறந்துவைத்து, 15 நிமிடம் உள்ளேயே விடுங்கள். வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இறுக்கமான டப்பாவில் போடுங்கள். பெரிய டப்பா ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லது, திறக்கும் தடவை குறையும். நமுத்ததை 150 டிகிரியில் ஏழு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

கேள்வி: பேரனுக்கு முதல் பிறந்தநாள். கேக்கில் சர்க்கரைக்குப் பதில் தேன் விடலாமா?
வாசகி, எருக்கஞ்சேரி

பதில்: வேண்டாம். 12 மாதம் முடியாத குழந்தைக்குத் தேன் ஆபத்து. அதிலிருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் கேக் வேகும் சூட்டிலும் சாவதில்லை. பிறந்தநாளன்று 12 மாதம் முடிந்தாலும், இரண்டு வயதுவரை எந்தச் சர்க்கரையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பழுத்த வாழைப்பழம் ஒன்று, முட்டை ஒன்று, வறுத்த கேழ்வரகு மாவு மூன்று டேபிள்ஸ்பூன். அடித்துக் கலந்து நெய் தடவிய இட்லிக் குழியில் 12 நிமிடம் வேகவையுங்கள். முட்டை ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய குழந்தையாக இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி விட்டு வரும் மகன் தினமும் கிரீம் பன் கேட்கிறான். வீட்டிலேயே பன் செய்ய முடியுமா? ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டாமா?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டாம். மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், ஈஸ்ட்டுக்கு அதுவே சாப்பாடு. மாலைப் பசிக்கு இனிப்பைவிட மசாலா பன் நன்றாகத் தாங்கும்.

மாவு மில்லில் அரைத்த கோதுமை மாவு 300 கிராம், தயிர் 60 கிராம், தண்ணீர் 170 மி.லி. கலந்து அரை மணி நேரம் மூடிவையுங்கள். தவிடு ஊறாமல் பிசைந்தால் பன் கரகரக்கும். பிறகு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்ந்து, விரலில் லேசாக ஒட்ட வேண்டும். மாவு மில்லுக்கு மில் மாறும், தேவைப்பட்டால் இன்னும் 20 மி.லி. விடலாம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை ஈரம் வற்ற வதக்கி, ஆறியபின் சேருங்கள்.

கத்திரி வெயிலில் 40 நிமிடத்திலேயே மாவு இரட்டிப்பாகிவிடும், அப்போது குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள். மார்கழியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எட்டு உருண்டையாக்கி மறுபடி அரை மணி நேரம் மூடிவைத்து, ஒன்றை விரலால் அழுத்துங்கள். பள்ளம் மெதுவாக மேலே வந்தால் அடுப்பில் ஏற்றலாம், சட்டென்று வந்தால் இன்னும் நேரம் வேண்டும். வராமலே நின்று புளித்த வாடை அடித்தால் காலம் கடந்துவிட்டது. மறுபடி பிசைந்து மெல்லிய ரொட்டியாகக் கல்லில் சுட்டுவிடுங்கள், வீணாக்க வேண்டாம். 190 டிகிரியில் 20 நிமிடம்.

கிரீம் பன்னை ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்தில் ஒருநாள் மட்டும் இருக்கட்டும். அதையும் டி.வி. முன்னால் ஒரு மணி நேரம் கொறிக்காமல் ஒரே உட்காரலில் சாப்பிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இனிப்பு வாயில் இருக்கும் நேரம் நீள நீளத்தான் பல் சொத்தையாகும்.