வெள்ளை அணு ஏறிக் கிடக்கிறதே, அது ஏன் நோயைக் கொல்லவில்லை?

கேள்வி: அக்கா மகனுக்கு 17 வயது. ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய், கீமோ முடிந்தபிறகு திரும்ப வந்திருக்கிறது. டி செல் சிகிச்சை பற்றி விசாரித்து வைக்கச் சொல்கிறார் டாக்டர். வெள்ளை அணுதான் ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறதே, அது ஏன் நோயைக் கொல்லவில்லை? எதிர்ப்புச் சக்திக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஏறிக் கிடக்கும் அந்த வெள்ளை அணுக்கள்தான் நோயே. முதிராமலே பெருகியவை, சண்டை தெரியாதவை. கொல்லத் தெரிந்த டி செல்கள் வெள்ளை அணுக்களிலேயே வேறு ரகம்.

நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை மேலே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் வந்து தடவிப் பார்க்கும். அந்நியமாகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பெர்ஃபோரின் என்ற புரதத்தை இறக்கும். அது எதிராளியின் சவ்வில் துளை போடும். பின்னாலேயே கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய், அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கும் தற்கொலை ஏற்பாட்டைத் தட்டிவிடும். செல் தானாகச் சிதைந்துபோகும். டி செல் கழன்று அடுத்ததைத் தேடிப் போய்விடும்.

சிக்கல் அடையாளத்தில்தான். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கூட்டத்தில் ஜேப்படிக்காரன் நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? புற்றணுவும் நம் உடம்பில் பிறந்ததுதான். துணுக்கு காட்டுவதையே குறைத்துக்கொண்டு தப்பவும் செய்யும். ஆள் தெரியாதபோது போலீஸைக் கூட்டி என்ன பயன்? கஷாயத்துக்கும் இதுதான் பதில். கீமோ மருந்துகளோடு அது என்ன செய்யுமோ, டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

டாக்டர் சொன்ன டி செல் சிகிச்சைக்குக் கார் (CAR) டி செல் சிகிச்சை என்று பெயர். அதில் நோயாளியின் டி செல்களையே பிரித்தெடுத்து, புற்றணுவின் மேலே இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் ஏற்பியை மரபணு மூலம் பொருத்தி, பெருக்கித் திரும்ப ஏற்றுவார்கள். துணுக்கு காட்டினாலும் காட்டாவிட்டாலும் அப்புறம் பிடித்துவிடும். பி செல் என்பது கிருமியை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிக்கும் இன்னொரு வெள்ளை அணு ரகம். நல்ல பி செல்களுக்கும் சிடி19 உண்டு, அவையும் சேர்ந்து சாகும். அதனால் தொற்று எளிதில் வரும். ஏற்றிய நாட்களில் கடுங்காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரலாம். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிப்பது அதற்குத்தான்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தியச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையை விடக் குறைவு என்றாலும் செலவு பல லட்சம். டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: இவனுடைய நோய் பி செல்லில் கிளம்பிய பி வகையா, டி செல்லில் கிளம்பிய டி வகையா? டி வகையென்றால் சிடி19 இருக்காது, இந்தச் சிகிச்சை பொருந்தாது. பி வகையென்றால், இப்போதைய பரிசோதனையிலும் சிடி19 தெரிகிறதா?