இரண்டாம் தடவை ஏன் கூப்பிடவில்லை?

அன்புள்ள அக்கா,

நான் மருதனார்மடத்தில் இசை படித்து முடித்தவள். வயலின். கோயில் கச்சேரிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். வீட்டில் சில பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். போன தை மாதம் இங்குள்ள ஸ்டூடியோ ஒன்றில் ஒரு பக்திப் பாடலுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு இடையிசை, கடைசிச் சரணத்துக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். நன்றாகத்தான் வாசித்தேன். ஆனால் ஒலிப்பதிவு செய்த அண்ணா "கொஞ்சம் குறைச்சு வாசியுங்கோ, கமகம் கூடிப்போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹெட்போனில் தட்டுத் தட்டாக வரும் கிளிக்கோடு வாசித்ததும் அன்றுதான் முதல் தடவை. ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்றது நாலு மணித்தியாலம் இழுத்தது. காசைப் பற்றி யாரும் கதைக்கவில்லை, கடைசியில் ஏதோ ஒரு தொகை தந்தார்கள். பாட்டு வெளிவந்தபோது என் பெயர் அதில் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவுமில்லை.

இப்போது இன்னொரு ஸ்டூடியோவில் கேட்டிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் பதிவாம். அம்மா வேண்டாம் என்கிறா. இதை ஒரு தொழிலாக நம்பலாமா? சென்னைக்குப் போனால்தான் சரிவருமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

நன்றாகத்தான் வாசித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். கோயில் மேடைகளில் பாடகருக்குப் பின்னால் போய்ப் பழகிய கை மோசமாக வாசிக்காது. ஆனால் ஸ்டூடியோவில் அடுத்த அழைப்பு வேறொரு கணக்கில் வருகிறது. நீங்கள் வெளிக்கிட்டுப் போன பிறகு ஒலிப்பதிவாளருக்கு எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நாலு மணித்தியாலப் பதிவிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, கிளிக்குக்கு நேராக இழுத்து, சுருதி சரிபார்த்து அவர் இரண்டு இரவு விழித்திருந்தால், அடுத்த பாட்டுக்கு வயலின் தேவைப்படும்போது அந்த இரண்டு இரவும் அவருக்கு ஞாபகம் வரும். யாரைக் கூப்பிடலாம் என்று இசையமைப்பாளர் கேட்பதும் பெரும்பாலும் அவரிடம்தான்.

இதை உங்கள் வித்துவத்தின் மேல் வந்த தீர்ப்பாக எடுக்க வேண்டாம். இது பழகக்கூடிய வேலை. உங்களுக்கு அதை யாரும் இதுவரை பழக்கவில்லை.

கமகத்திலிருந்து, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் எங்களுடைய ஆட்கள் அதிகம் மனம் நொந்துபோகிறார்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை, நாங்கள் ஒரு இடத்தில் நிறுத்தி வைப்பதேயில்லை. தம்புராவின் சட்ஜ பஞ்சமத்துக்கு மேலே அது அசைந்துகொண்டிருப்பதுதான் தோடி. ஆனால் ஸ்டூடியோவில் நீங்கள் போய் இருப்பதற்கு முன்பே கீபோர்ட்டில் சில சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் மைனர் கோர்ட் ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கோர்ட்டுக்குள்ளும் ஒரு காந்தாரம் இருக்கிறது, அது அசையாமல் நிற்கிறது. உங்களுடையது அதைச் சுற்றி ஆடும்போது இரண்டும் உரசும். தனியாகக் கேட்டால் அழகாக இருக்கும் வாசிப்பு மொத்தப் பாட்டில் சுருதி விலகினதுபோலக் கேட்பது இதனால்தான். ஒலிப்பதிவாளருக்கு இதை இசைப் பாஷையில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். "கமகம் கூடிப்போச்சு" என்று அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரே சங்கதியை மூன்று விதமாக வாசித்துப் பழகுங்கள்: கச்சேரியில் வாசிப்பதுபோல முழுக் கமகத்தோடு, பாதிக் கமகத்தோடு, பிறகு சுரங்களை வெறுமையாக, வில் அழுத்தம் மாறாமல். மூன்றாவதுதான் கஷ்டம். ஆலாபனைக்குப் பழகின விரல் ஒரு சுரத்தில் சும்மா நிற்க மறுக்கும். அது நிற்கப் பழகினால், கமகத்தை எங்கே வைக்கலாம், எங்கே எடுக்கலாம் என்ற தெரிவு உங்கள் கைக்கு வரும். உங்கள் கச்சேரி வாசிப்பும் இதனால் தெளிவாகும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று, திரும்ப வாசிப்பது. ஒரே வயலினை நாலு தடவை மேலே மேலே பதிந்து ஒரு குழு வாசிப்பதுபோலச் செய்வது இங்கு வழக்கம், நாலு வயலின்காரரைக் கூப்பிட யாரிடம் காசு இருக்கிறது? அப்போது இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் முதல் தடவை வாசித்ததையே வாசிக்க வேண்டும். வில் மேலே போன இடத்தில் மேலே, இழைத்த இடத்தில் இழைத்து. அந்தந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்மத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய சோதனை. அளவெட்டி, இணுவில் பக்கத்து மேளக் கச்சேரிகளை விடிய விடியக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒரு பல்லவியை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிச் சொல்பவரைத்தான் நாங்கள் பெரிய வித்துவான் என்று கொண்டாடுகிறோம். அந்தச் செல்வத்தை விடச் சொல்லவில்லை. ஸ்டூடியோவுக்குள் போகும்போது, எதை வாசிப்பது என்று முடிவானவுடன் வில் போகும் திசையோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதையே வாசியுங்கள். உங்களுக்கு வேறொன்று தோன்றினால், அவர்கள் கேட்டதை முதலில் முழுசாகக் கொடுத்துவிட்டு, "ஒருக்கா இப்படியும் வாசிச்சுக் காட்டட்டோ?" என்று கேளுங்கள். கேட்டதைக் கொடுத்து முடித்தவர் இப்படிக் கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

கிளிக் ஒரு மாத வேலை. போனில் மெட்ரோனோம் போட்டு முதலில் அட்சரத்துக்கு அட்சரம் வாசியுங்கள். பிறகு ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு தட்டு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு வேகம் என்றால் 6 செக்கனுக்கு ஒரு தடவைதான் கிளிக் வரும். நடுவில் உள்ள வெளியை நீங்களே சுமக்க வேண்டும். அதில் சமத்துக்கு, ஆவர்த்தனம் தொடங்கும் இடத்துக்கு, சரியாக வந்து சேர்ந்தால் எந்த ஸ்டூடியோவிலும் பயமில்லை.

எவ்வளவு பழகினாலும் நீங்கள் வாசிப்பது உங்கள் காதுக்கே பிந்திக் கேட்பதுபோல இருந்தால், உங்களைச் சந்தேகப்பட முதல் கணினியைச் சந்தேகப்படுங்கள். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவைப் பஃபர் என்பார்கள். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது 1024 என்று வைத்திருந்தால் ஒரு வழிக்கே 21 மில்லிசெக்கன் தாமதம் வரும், போய் வர அதைப்போல இரண்டு மடங்கு. 128 என்று குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. "அண்ணா, பஃபரைக் குறைக்கலாமோ, இல்லாட்டி கணினிக்குள்ளால போகாமல் நேரடி மொனிட்டரில் தரலாமோ" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். இது தெரியாமல் தனக்குத் தாளம் வராது என்று நினைத்து ஸ்டூடியோப் பக்கமே போகாமல் விட்ட நல்ல வாசிப்பாளர்களை எனக்குத் தெரியும். அந்த இழப்பு இன்றும் மனதைச் சுடுகிறது.

சுருதியையும் வேகத்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சுருதி பெண் குரலுக்கு 5 கட்டை, ஆண் குரலுக்கு 1 கட்டை என்று பாட்டுக்குப் பாட்டு மாறும். போய் இருந்த பிறகு தந்தியை இரண்டு மூன்று சுரம் ஏற்றி இறக்கினால் அது அன்று முழுக்க நிலைகொள்ளாது, அதிலும் மின்விசிறியை நிப்பாட்டின அறையில், சித்திரை வெயிலில். புதுத் தந்தி போடுவதென்றால் சில நாட்களுக்கு முன்பே போடுங்கள். காப்பு, தொங்கட்டான், பட்டுச் சேலை மூன்றையும் மைக் கேட்கும். ஹெட்போனில் கிளிக்கைக் கூட்டி வைத்தால் அது வெளியே கசிந்து வயலினோடு சேர்ந்து பதிவாகும், பிறகு எடுக்க முடியாது.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். இங்குள்ள ஸ்டூடியோக்களில் அநேகமானவை வீட்டு அறைகள். பகலில் கோயில் ஒலிபெருக்கி, ஐஸ்கிரீம் வானின் பாட்டு, மோட்டார் சைக்கிள் எல்லாம் உள்ளே வரும். 2022-இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, கரண்ட் வந்த நேரம்தான் பதிவு நேரம். ஆகவே இரவுப் பதிவுக்குக் காரணம் உண்டு. அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. தனி வயலின் பதிவுக்குப் பாடகரோ மற்ற வாத்தியக்காரரோ வர வேண்டியதில்லை. அதனால் பகலில் ஒரு அமைதியான நேரம் கேட்பது அதிகப்படியான கேள்வி இல்லை. கிடைக்காவிட்டால் யாரார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டு, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட ஆள் வரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்கு, எவ்வளவு பெரிய பாட்டாக இருந்தாலும், போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

காசும் பெயரும். எங்களுடைய ஊரில் கேட்பவர் மாமாவின் சிநேகிதராகவோ பள்ளிக்கூடத்து அண்ணாவாகவோ இருப்பார். காசு கதைத்தால் மரியாதையில்லை என்று விட்டுவிடுகிறோம். எனக்கும் ஒரு முழு இசைத்தொகுப்புக்கு வாசித்த காசு வராமலே போயிருக்கிறது. கேட்கப் போனபோது "பாட்டு ஓடினால் பங்கு தருவம்" என்றார்கள். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கணக்கிடப்படுவதில்லை. இங்கு வெளிவரும் ஒரு பக்திப் பாடலின் பங்கு எவ்வளவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசிப்புக்கான காசை வாசிப்பன்றே வாங்குவதுதான் முறை. இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுபவர், வாசிப்பவருக்கும் தங்கள் நிகழ்த்துகை மீது உரிமை தருகிறது. என்ன பேசிக்கொண்டோம் என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லாவிட்டால் அதை வைத்துக் கேட்பது கஷ்டம். ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

பெயர் போடாதது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரின் பெயர்கள் அந்த நிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்றில் முறையாக அச்சானது 1971-இல், மார்வின் கேயின் தொகுப்பில்தான். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேலாக உலகமே அவர்களைப் பெயர் தெரியாமல் கேட்டது. உங்கள் பெயர் ஒரு அலங்காரம் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். அடுத்த இசையமைப்பாளர் உங்களைக் கண்டுபிடிக்கிற வழியே அதுதான்.

தொழிலாக நம்பலாமா? யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோவை மட்டும் நம்பி ஒரு வயலின்காரர் வாழ முடியாது. பங்குனி முதல் ஆவணி வரை கோயில், வருடம் முழுக்கப் படிப்பித்தல், இடையிடையே அரங்கேற்றம். இவற்றோடு சேர்ந்த ஒரு வருமானமாகவே ஸ்டூடியோவைப் பாருங்கள். ஆனால் அதில் கிடைக்கும் படிப்புக்கு விலையில்லை. இளையராஜா 1976-இல் முதல் படம் செய்வதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, பதிவுகளில் கிட்டார் வாசித்தவர். ஏ.ஆர். ரஹ்மான் 1992-க்கு முன் பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்ட் வாசித்தவர். மற்றவர்களின் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தார்கள். உங்கள் பகுதி முடிந்தவுடன் வெளிக்கிடாமல், அனுமதி கேட்டு, எல்லா வாத்தியங்களையும் குரலையும் சேர்க்கும் மிக்ஸ் நடப்பதைக் கொஞ்சம் இருந்து பாருங்கள். உங்கள் வயலினில் எதை வெட்டுகிறார்கள், எதை முன்னுக்குக் கொண்டு வருகிறார்கள் என்பது ஒரு வருட வகுப்புக்குச் சமம்.

இரண்டாவதாக ஒரு வாத்தியமும் கையில் இருக்கட்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் ஜாஸ் கிட்டார் வாசித்த கேரல் கே, 1963-இல் ஒரு பதிவுக்கு பேஸ் கிட்டார்காரர் வராமல் போக, அதை எடுத்து வாசித்தார். அதற்குப் பிறகு உலகம் அவரை அறிந்ததே பேஸ் கிட்டாரால்தான். நீங்கள் வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, கீழ்ச் சுருதி வயோலா பழகினால், இங்கு வாசிக்க ஆள் மிகக் குறைவு.

சென்னைக்கு இப்போது வேண்டாம். அங்கு குழு வயலின் வாசிப்பவர்கள் மேற்கத்திய நொட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பார்கள். அதைப் பழகாமல் போனால் வாசலிலேயே நிற்க வேண்டி வரும். முதலில் இங்கிருந்தே நொட்டேஷன் படியுங்கள். வீட்டில் ஒரு மூலையையும் தயார்படுத்துங்கள்: மைக்கைக் கணினியோடு இணைக்க இரண்டு உள்ளீடு உள்ள சின்ன ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கொண்டென்சர் மைக், காதை மூடும் ஹெட்போன். புளூடூத் ஹெட்போன் இதற்குச் சரிவராது, தாமதம் பெரிது. எங்களுடைய சீமெந்துச் சுவர் எதிரொலிக்கும். போர்வை தொங்கவிட்டு, துணி அலுமாரியைத் திறந்து வைத்து வாசியுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாட்டுச் செய்யும் எங்களுடைய பிள்ளைகள் உண்மையான வயலினுக்கு ஆள் தேடுகிறார்கள். நாங்கள் காலையில் எழும்பும்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு. அவர்கள் படுக்கப் போகும் முன் கேட்டதை, அவர்கள் எழும்பும் முன் அனுப்பிவிடலாம். வேவ் கோப்பாக, 24 பிட்டில், எந்த எதிரொலியும் சேர்க்காமல், பாட்டின் முதல் புள்ளியிலிருந்து தொடங்கி அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும். அம்மாவின் கவலைக்கும் இது நல்ல பதில்.

இப்போது கேட்டிருக்கும் ஸ்டூடியோவுக்கு இன்றே இப்படி எழுதி அனுப்புங்கள்: "வணக்கம் அண்ணா. வாசிக்க விருப்பம். பாட்டின் சுருதியும் வேகமும் மாதிரிப் பதிவும் முதல் நாள் அனுப்ப முடியுமா? இரண்டு மணித்தியாலத்துக்கு என் கட்டணம் இவ்வளவு, அதற்கு மேல் போனால் இவ்வளவு. பாட்டு வெளிவரும்போது வயலின் என்று என் பெயர் வர வேண்டும். பகலில் நேரம் கிடைத்தால் நல்லது, இரவென்றால் அம்மாவும் வருவா." பதில் என்ன வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு போடுவது என்று யோசனையாக இருந்தால் தனியாக ஒரு மடல் போடுங்கள், கதைப்போம்.

அன்புடன்,
அக்கா