மகள் வருவதற்குள் பாத்ரூம்: வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர், வயது 63. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இரண்டு பரப்புக் காணியில் பழைய ஓட்டு வீடு. மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கிறது. 86 வயது அம்மாவால் இனி இரவில் முற்றத்தைத் தாண்டிப் போக முடியாது. அதனால் வீட்டோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்ட வேண்டும். கனடாவில் இருக்கும் மகள் பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று வாரம் நிற்பாள், அதற்குள் முடித்தால் நல்லது. மேசன் எல்லாம் சேர்த்து 11 இலட்சத்து 50 ஆயிரம் கேட்கிறார். மச்சானோ, "சாமானை நீயே வாங்கு, கூலிக்கு ஆள் பிடி, அதே வேலை 8 இலட்சத்தில் முடியும்" என்கிறார். ஓய்வூதியம் மாதம் 62,000. சேமிப்பில் 3 இலட்சம் இருக்கிறது. 20 இலட்சம் ஒரு வருட நிலையான வைப்பில், 8.5 வீத வட்டிக்கு. முதிர இன்னும் ஐந்து மாதம். இப்போது உடைத்தால் போன ஏழு மாதத்துக்கும் 4 வீதம்தான் என்கிறது வங்கி. வைப்பின் மேல் கடன் எடுத்தால் 11.5 வீதம். மகள் 3 இலட்சம் தருவாள். மனைவி தன் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். என்ன செய்யலாம்? மேசன் எழுதித் தந்த கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, வங்கி விஷயம் சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுவோம். வைப்பை உடைக்க வேண்டாம். 20 இலட்சத்துக்கு ஏழு மாதத்தில் 8.5 வீதப்படி சேர்ந்திருக்கும் வட்டி 99,167 ரூபா. 4 வீதம் என்றால் 46,667. ஒரு கையெழுத்தில் 52,500 ரூபா போய்விடும். அதற்குப் பதிலாக 5 இலட்சத்தை வைப்பின் மேல் கடனாக எடுங்கள். கடனுக்கு 11.5 வீதம் கட்டுவீர்கள், அதே 5 இலட்சம் வைப்பில் 8.5 வீதம் உழைத்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் 3 வீதம், ஐந்து மாதத்துக்கு 6,250 ரூபா. "வைத்திருக்கிற காசுக்கு மேலே ஏன் கடன்?" என்று பலர் கூச்சப்படுவார்கள். இந்த இடத்தில் கூச்சத்தின் விலை 46 ஆயிரத்துக்கு மேல்.

ஒக்டோபரில் வைப்பு முதிரும்போது கடனைக் கழித்துவிட்டு மீதி 15 இலட்சத்தைத் திரும்பப் போடுங்கள். அதன் பிறகுதான் பாத்ரூமின் உண்மையான செலவு தெரியும். 5 இலட்சம் குறைந்த வைப்பு, இதே வீதத்தில், வருடத்துக்கு 42,500 ரூபா குறைவாகத் தரும், அதாவது மாதம் 3,500 ரூபாவுக்குச் சற்று மேல். 62,000 ஓய்வூதியத்தில் இதைத் தாங்கலாம் என்றே நினைக்கிறேன். நகையை அலுமாரியிலேயே விடுங்கள். 3 வீத வித்தியாசத்தில் காசு கிடைக்கும்போது அடகுக் கடைக்கு என்ன வேலை?

ஆக, மகளின் 3 இலட்சம், சேமிப்பிலிருந்து ஒன்றரை, கடன் 5, மொத்தம் ஒன்பதரை இலட்சம். சேமிப்பில் மிஞ்சும் ஒன்றரை இலட்சத்தைத் தொட வேண்டாம். 86 வயது மனுஷி இருக்கும் வீட்டில் அது ஆஸ்பத்திரிக் காசு. மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: கையோடு கொண்டுவராமல், வேலை தொடங்கும் முன் பாதியை வங்கி வழியே அனுப்பட்டும். காசு வரும்வரை நிறுத்தி வைத்த வேலையில் மேசன் காத்திருக்க மாட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். திருவிழாவுக்கு முந்திய இரண்டு மாதத்தில் யாழ்ப்பாணத்தில் நல்ல மேசனைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

இனி மேசனின் கணக்கு. அதை இரண்டு தரம் வாசித்தேன். சுவர் உச்சிவரை ரைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, வெந்நீர் மெஷின், மூன்றுக்கும் சேர்த்து 2 இலட்சத்து 60 ஆயிரம். கடைசியில் ஒரே ஒரு வரி: "பழைய குழிக்கு லைன் இழுத்தல்." புதுக் குழிக்கு ஒரு சதமும் இல்லை. உங்கள் மச்சானின் 8 இலட்சமும் அதே வேலைக்கான கணக்குத்தானே, அதிலும் குழி இருக்காது.

எனக்குப் பயம் தருவது இந்த வரிதான். பழைய மலசலகூடங்களின் குழி பெரும்பாலும் அடி திறந்தது. நாங்கள் இருப்பதோ சுண்ணாம்புக் கல்லின் மேல். மேலே கொஞ்ச மண், அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமான கல், அந்தப் பொந்துகளில்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஓடுகிறது. மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். கல் வெடிப்பில் அந்த வடிகட்டல் கிடையாது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற மாசு கூடியிருப்பதற்குத் தோட்டத்து உரத்தோடு மலக்குழிகளும் காரணம் என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதுவரை அந்தக் குழிக்குப் போனது வாளித் தண்ணீர். புது பாத்ரூம் வந்தால் ஃபிளஷ், ஷவர், பேசின், அதோடு மூன்று வாரம் கனடாப் பிள்ளைகள். குழிக்குப் போகும் தண்ணீர் பல மடங்காகும், அது கிணற்றை நோக்கித்தான் நகரும்.

"குழாய்த் தண்ணீர் வருகிறதுதானே, கிணறு எதற்கு?" என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்தது உண்மை, நல்ல விஷயமும்கூட. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறு உங்களுடையது இல்லையே. இரண்டு பரப்பு என்பது சுமார் 5,400 சதுர அடி. அதற்குள் உங்கள் கிணறு, அயலவரின் கிணறுகள், வீடு எல்லாவற்றையும் வைத்துக் குழிக்கு இடம் தேடுவது சின்ன வேலையில்லை. கையில் அளவு நாடாவோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருதரம் வளவுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று அவர் சொல்வார். கட்ட வேண்டியது அடியும் சுவரும் பூசி அடைத்த, இரண்டு அறை உள்ள தொட்டி. திண்மம் முதல் அறையில் படியும், தெளிந்த நீர் மட்டும் கிணறுகளிலிருந்து தூரமான ஊறுகுழிக்குப் போகும்.

இதற்குக் காசு எங்கிருந்து வரும்? அந்த 2 இலட்சத்து 60 ஆயிரத்திலிருந்துதான். குளிக்கும் மூலையில் மட்டும் ஏழு அடிக்கு ரைல்ஸ் போதும். மற்றச் சுவரில் நாலு அடி வரை போட்டு மேலே பெயின்ட் அடியுங்கள். கண்ணாடித் தடுப்பு அம்மாவுக்கு இடைஞ்சல்தான், விழுந்தால் ஆபத்து. மெஷின் பிறகு. இப்படிக் குறைத்து, சாமானையும் நீங்களே வாங்கினால், குழியும் சேர்ந்து 8 இலட்சத்தை அண்டி நிற்கலாம், மேலே ஒன்றரை இலட்சம் எதிர்பாராததுக்கு. குழி வெட்டும்போது கல் வந்தால் அந்த ஒன்றரையில் பாதி அங்கேயே கரையும், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யாருக்கும் சொல்வது இதுதான்: பிறகு உடைக்காமல் திருத்த முடியாத இடத்துக்கு முதலில் காசைப் போடுங்கள். குழி, நிலத்தடி லைன், சுவருக்குள் போகும் குழாய், தரையின் நீர்க்காப்பு. பேசினை அடுத்த வருடம் மாற்றலாம், ரைல்ஸை மகள் அடுத்த தரம் வரும்போது உயர்த்தலாம். சுவருக்குள் இருக்கும் அரை இஞ்சிக் குழாயை அப்படி மாற்ற முடியாது.

பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் குளியலறை புதுப்பித்தபோது அவசரம், ஒரு கலியாண வீடு. குழாயில் தண்ணீர் கட்டிப் பார்க்காமலே பூச விட்டேன். மூன்றாம் மாதம் சாமி அறைச் சுவரில் ஈரம். குழாய் வளையும் ஒரு முழங்கை இணைப்பில் பசை சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கண்டுபிடிக்க ஒன்பது ரைல்ஸ் உடைத்தோம், அதே நிறம் எந்தக் கடையிலும் இல்லை. வங்கியில் முப்பது வருடம் மற்றவர்களின் கடன் விண்ணப்பத்தைச் சல்லடை போட்டவன் நான். இன்றும் அந்தச் சுவரில் ஒன்பது ரைல்ஸ் வேறு நிறம்.

அதனால் பூசும் முன் எல்லா வாயையும் அடைத்து, குழாயில் தண்ணீரை ஒரு முழு நாள் அழுத்தத்தோடு கட்டி வையுங்கள். தரைக்கு நீர்க்காப்புப் பூசிய பிறகு வடிகாலை அடைத்து இரண்டு இஞ்சித் தண்ணீர் தேக்கி இன்னொரு நாள் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். பத்து வருடம் கழித்து கைபிடிக்குத் துளை போடுபவர் உங்களை வாழ்த்துவார்.

சரி, மேசனா, மச்சானின் யோசனையா? இரண்டிலும் பாதி. எல்லாம் சேர்த்த கொண்ட்ராக்டில் சாமான் மெலியும், நாட்கூலியில் நாள் நீளும். நீங்கள் ஓய்வில் இருப்பவர், வளவில் நின்று பார்க்க முடியும். ஆகவே சாமானை நீங்கள் வாங்குங்கள், கூலியை மட்டும் மொத்தமாகப் பேசுங்கள். குழாய்க்கு எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். சீமெந்தை முன்கூட்டி அடுக்க வேண்டாம். 2022 இல் விலை ஏறிய பயத்தில் வாங்கி வைத்துக் கல்லாக்கியவர்களை நான் அறிவேன். ரைல்ஸ் மட்டும் ஒரு பெட்டி கூட வாங்குங்கள், காரணம் சொல்லிவிட்டேன். குழாய் பொருத்துவதை மேசனின் தம்பியோ மச்சானோ செய்வதாகச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு ஒரு பிளம்பரைப் பிடியுங்கள். மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

கூலியை ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள்: குழியும் அத்திவாரமும் முடிய, சுவரும் கூரையும் முடிய, தண்ணீர்ச் சோதனை தேறிய பிறகு, ரைல்ஸ் ஒட்டிய பிறகு, கடைசியாகப் பத்தில் ஒரு பங்கு ஐப்பசி மழை ஒன்று பெய்து முடிந்த பிறகு. அந்தக் கடைசிப் பங்குக்கு மேசன் முகம் சுளிப்பார். முதல் நாளே ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தால் சண்டை வராது.

அத்திவாரம் வெட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு. கொமட்டிலிருந்து போகும் நாலு இஞ்சிக் குழாய்க்கு அடிக்குக் கால் இஞ்சி சரிவு வேண்டும். குழி நாற்பது அடி தள்ளி என்றால் பத்து இஞ்சி இறக்கம். இதை முதலில் பார்க்காவிட்டால் கடைசியில் பாத்ரூம் தரையை உயர்த்திப் படி வைப்பார்கள். அம்மாவுக்காகக் கட்டுகிற அறையில் படி வந்தால் செலவழித்ததற்கு அர்த்தமே இல்லை.

நல்லூர் பிரதேச சபையில் அனுமதி எடுப்பதையும் தள்ளிப் போடாதீர்கள். நாளை வீட்டை விற்றாலும் வங்கிக்கு ஈடு வைத்தாலும் அங்கீகரித்த கட்டட வரைபடம் கேட்பார்கள்.

வெந்நீர் மெஷின் இப்போது வேண்டாம் என்று மகளிடம் சொல்லத் தயங்குவீர்கள். அவர்கள் நிற்பது மூன்று வாரம், அதுவும் ஓகஸ்ட் வெயிலில். எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு கேத்தலின் அடியில் எப்படிப் படிகிறதோ அப்படியே மெஷினுக்குள்ளும் படியும். கூடவே 13 அம்பியர் பிளக்கில் கொடுக்க முடியாத கரண்ட் அது, தனி வயரும் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். தாங்கி 12 அடி உயரத்தில் இருந்தால் ஏழடி ஷவருக்கு மிஞ்சுவது ஐந்தடித் தண்ணீரின் அழுத்தம்தான், பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போதைக்கு வயரையும் குழாயையும் மட்டும் சுவருக்குள் விட்டு வாயை மூடி வையுங்கள். மகளுக்கு ஆசை என்றால் மெஷினை அவளே வாங்கிப் பூட்டட்டும். தண்ணீர் திறக்கிற பைப்புகளும் அப்படித்தான்: வாஷர் மாற்றக்கூடிய சாதாரண பித்தளைப் பைப் போதும். சுவருக்குள் புதைக்கிற, வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் மிக்ஸரைச் சுண்ணாம்பு பிடித்தால் திரும்ப உடைப்புத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். உங்கள் 170,000 ரூபா வட்டியில் அது 17,000. ஓய்வூதியமும் வட்டியும் சேர்த்து உங்கள் வருட வருமானம் 9 இலட்சத்து 14 ஆயிரம். வரியில்லா எல்லை 18 இலட்சம். வங்கிக் கிளையில் சுயபிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அந்தக் காசில் அம்மாவுக்கு இரண்டு நல்ல கைபிடிகள் வாங்கலாம்.

கொமட் வாங்கும் முன் அம்மாவை வீட்டில் இருக்கிற நாலைந்து கதிரைகளில் ஒவ்வொன்றாக இருத்தி எழும்பச் சொல்லுங்கள். யாருடைய கையையும் பிடிக்காமல் எதிலிருந்து எழும்புகிறாரோ அதன் உயரத்தை அளந்து, அந்த அளவோடு கடைக்குப் போங்கள். கைபிடி வைக்கும் இடத்தையும் அப்போதே, அவர் கை நீளும் உயரத்தில், சுவரில் சோக்கால் கோடு போட்டு வையுங்கள்.