அறுபது நிமிடத்தில் இளவரசி: பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேள்வி பதில்

தொண்ணூறுகளில் சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் (அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை இயக்கிய மென்பொருள்) படிக்கப் போனேன். டாஸ் மறந்துவிட்டது, பிரின்ஸ் மறக்கவில்லை. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்கவேண்டிய கம்ப்யூட்டர் ஆட்டம் அது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பழைய ஆட்டத்தை இப்போதைய லேப்டாப்பில் ஆட வழி உண்டா அண்ணா? மூல நிரலை வெளியிட்டார்களே, அதுதானே? (அம்மாப்பேட்டை)

உண்டு தம்பி, ஆனால் நீங்கள் சொல்வது வேறு. 2012-ல் ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் வெளியிட்டது, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கான 1989-ன் நிரல். நாம் சேலத்தில் ஆடியது 1990-ல் வந்த டாஸ் பதிப்பு. அந்த டாஸ் பதிப்பைப் பிரித்துப் படித்து ஆர்வலர்கள் திரும்பக் கட்டியதுதான் எஸ்டிஎல்பாப். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். எஃப்6 அழுத்தினால் அந்த இடம் சேமிப்பாகும், எஃப்9 அழுத்தினால் அங்கேயே திரும்பலாம். நான் அந்தப் பொத்தான்களைத் தொடுவதில்லை. கடிகாரத்துக்குப் பயந்தால்தானே அது பிரின்ஸ்!

இரண்டாம் கட்டத்துக்கு முன் எழுத்து போட்ட குப்பிகள் வருமே, அது எதற்கு? (குகை)

காசு கொடுத்து வாங்கியவரா என்று பார்க்கத்தான். கையேட்டில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரியில் உள்ள சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்தக் குப்பியைக் குடித்தால் கதவு திறக்கும். எங்கள் சென்டரில் இருந்தது பிளாப்பி மட்டும். புத்தகத்தை யார் கண்டது? குத்துமதிப்பாகக் குடித்துப் போன உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

என் பத்து வயதுப் பெண்ணுக்கு எதில் தொடங்கலாம்? இங்கே மலையில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. (ஏற்காடு)

நெட் கவலை வேண்டாம் அக்கா. எஸ்டிஎல்பாப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். ஆனால் பழைய இளவரசன் சொன்ன உடனே குதிக்க மாட்டான். நாலடி ஓடினால்தான் தூரமாகத் தாவுவான், நிற்கச் சொன்னாலும் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பான். மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். அந்த உடல் கனம்தான் ஆட்டத்தின் உயிர் என்பேன். குழந்தைக்கு அது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் விளிம்பில் சட்டென்று விழ மாட்டான், அதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

இதே வரிசையில் 2024-ல் வந்த தி லாஸ்ட் கிரவுன், பழையதுபோல் பக்கவாட்டில் பார்த்து ஆடும் ஓட்டத்துக்குத் திரும்பியது. நல்ல ஆட்டம்தான், ஆனால் நாயகன் சார்கோன் காற்றாய்ப் பறக்கிறான். அதில் பழகியவர்களுக்குப் பழையது மாட்டு வண்டியாகத் தோன்றும். சண்டையும் அதிகம், இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

2003-ல் வந்த பிரின்ஸ் ஆட்டம் சாண்ட்ஸ் ஆஃப் டைம், பழையதன் ரீமேக்கா, தொடர்ச்சியா? (ஆத்தூர்)

இரண்டுமில்லை. புதுக் கதை, புது இளவரசன். பழைய கதையின் தொடர்ச்சி 1993-ல் வந்த இரண்டாம் பாகம். சாண்ட்ஸில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். பழையதில் தவறினால் கட்டத்தின் தொடக்கத்துக்கே போகவேண்டும், கடிகாரமோ நிற்காது. அதோடு ஒப்பிட்டால் இது அநியாயச் சலுகை. அப்படிச் சொன்னாலும் எனக்கு சாண்ட்ஸும் பிடிக்கும்.

அசாசின்ஸ் கிரீட் ஆட்டம் பிரின்ஸிலிருந்து வந்ததாமே? (ஓமலூர்)

ஆமாம். பிரின்ஸின் அடுத்த பாகமாகத் தொடங்கிய வேலைதான் 2007-ல் அந்தப் பெயரில் வெளிவந்தது.

பன்னிரண்டாம் கட்டத்தில் நிழல் மனிதனை வெட்டினால் நானே சாகிறேன். இருபது வருடமாக இதே கதை! (சூரமங்கலம்)

அவன் வேறு ஆளே இல்லை. நாலாம் கட்டத்தில் கண்ணாடியை ஊடுருவித் தாண்டினீர்களே, அதிலிருந்து வந்த உங்கள் நிழல். ஆப்பிள் 2-வில் இன்னொரு எதிரியை வரைய நினைவகம் இல்லை. அதனால் இளவரசனின் படத்தையே கொஞ்சம் மாற்றி எதிரியாக்கினார் மெக்னர். தன்னைத் தானே வெட்டினால் யார் சாவார்? வாளை உறையில் போடுங்கள், அவனும் போடுவான். நேராகப் போய் அவன்மேல் மோதுங்கள், இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். அப்புறம் எதிரே வெறும் பள்ளம்தான் தெரியும். தயங்காமல் ஓடுங்கள், காலடியில் தரை முளைக்கும். எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது என்று மட்டும் எழுதிப் போடுங்கள்.